வியாபாரிகள் சங்கம் சார்பில் தென்னை ஏறும் பயிற்சி: எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆனைமலைப்பக்கம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்துக்கு இந்த வருடம் என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். மளிகை, உரக்கடை, தேங்காய் மண்டி, நார் மில், பேக்கரி என்று எழுபது பேர் அளவில் உறுப்பினர்கள். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் நலத்திட்ட உதவி என்று ஏதாவது கொடுப்பது வழக்கம். தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, இப்படி.

இந்தத் தடவை கூட்டத்தில் வேறு பேச்சு வந்தது. எங்கள் ஊர் வியாபாரம் மொத்தமும் தென்னையை நம்பித்தான் ஓடுகிறது. தோப்பில் வேலைக்கு ஆள் இல்லை. முன்பெல்லாம் 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று கணக்கு வைத்திருப்பார்கள். இப்போது ஆள் எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான் வெட்டு. எங்கள் பக்கம் நீளக் கம்பில் அரிவாள் மாட்டிக் கீழே நின்றே வெட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் மரம் வளர்ந்துவிட்டால் கம்பு எட்டாது. எட்டினாலும் காய் மட்டும்தான் விழும். மண்டையை, அதாவது மரத்தின் உச்சியைச் சுத்தம் செய்யவும், குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டை எடுக்கவும் ஒருத்தர் மேலே போய்த்தான் ஆக வேண்டும். வெள்ளை ஈ, வேர் வாடல் என்று அடுத்தடுத்து அடி வாங்கிய தோப்புகள் வேறு. கவனிக்க ஆள் இருந்தால் இதில் பாதியைக் காப்பாற்றலாம் என்று மண்டிக்காரர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

சங்கத்தில் இப்போது மூன்று லட்சம் ரூபாய் இருக்கிறது. உள்ளூர்ப் பையன்கள் இருபது பேருக்கு மரம் ஏறும் பயிற்சி கொடுக்கலாம், மகளிர் குழு ஒன்றுக்குச் சிறு தொழில் வைத்துக் கொடுக்கலாம் என்று யோசனை. பயிற்சிக்கு யாரை அணுகுவது, பயிற்சி முடித்தவர்களை எப்படித் தொழிலில் நிற்க வைப்பது, சங்கம் இதில் எதுவரை தலையிடலாம் என்று தெரியவில்லை. வேறு ஊர்களில் இப்படிச் செய்தவர்கள் இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும்.

பத்தேக்கர்

நல்ல முயற்சி. உடுமலைப் பக்கம் எனக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஒரு விவசாயியாக ஒன்றே ஒன்று சொல்கிறேன்: இருபது பேருக்குப் பயிற்சி கொடுத்து ஊருக்கு நாலு பேர் நின்றாலே போதும், உங்கள் சங்கத்துக்குக் கும்பிடு போடுவோம். இங்கே ஒரு பயிற்சி நிறுவனம் வந்து பேனர் கட்டி, போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனது. வாங்கியவர்களில் ஒருவரைக்கூட அதற்கப்புறம் மரத்தில் பார்க்கவில்லை. அந்த மாதிரி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செக்குக்காரி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் ஊர்க் கூட்டம்தான் ஞாபகம் வந்தது. நான் பேராவூரணிப் பக்கம். கொப்பரை காயவைத்து எண்ணெய் ஆட்டும் செக்கு வைத்திருக்கிறேன். எங்கள் வட்டார வியாபாரிகள் சேர்ந்து இதே வேலையைச் சில வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறோம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் தென்னை எப்படிச் சாய்ந்து கிடந்தது என்பதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். மரம் போனதோடு ஆளும் போனார்கள். தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், உரித்தவர்கள், கீற்று முடைந்த குடும்பங்கள் எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் கிளம்பிவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர நெட்டை ரகத்துக்கு ஆறு, ஏழு வருடம் ஆகும். அதுவரை வயிறு காத்திருக்குமா? கன்றுகள் வளர்ந்து காய்ப்புக்கு வந்தபோது ஏற ஆள் இல்லை. புயலில் தப்பிய பழைய மரங்களோ உயரமானவை. என் செக்குக்குக் காய் வர வேண்டும் என்பதற்காகத்தான் நான் இதில் இறங்கினேன், மறைக்க ஒன்றுமில்லை. சொந்தத் தேவை இருக்கிறவர்கள் இந்த வேலையில் இருப்பது நல்லது. விழா முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விட மாட்டார்கள்.

முதல் விஷயம், அந்த மூன்று லட்சத்தைப் பயிற்சிக்குச் செலவழிக்காதீர்கள். பயிற்சி ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-லிருந்து 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற திட்டத்தை நடத்துகிறது. ஆறு நாள், தங்கிப் படிக்கும் பயிற்சி, ஒரு அணிக்கு இருபது பேர். ஏறும் கருவியும் கொடுத்து அனுப்புகிறார்கள். ஏறுவது மட்டுமில்லாமல் மண்டை சுத்தம், பூச்சி நோய் அடையாளம், முற்றிய காய் எது, இளநீர் எது என்று பார்ப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக நடக்கும். உங்களுக்கு ஆழியாறில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையமே பக்கத்தில் இருக்கிறது, எங்களுக்கு அந்த வசதி கிடையாது. சங்கத்தின் லெட்டர்பேடில் இருபது பெயர், வயது, ஆதார் எல்லாம் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். தனித்தனியாக ஆட்கள் போய்க் கேட்பதைவிட ஒரு சங்கம் முழு அணியோடு போனால் அவர்களுக்கும் தேதி ஒதுக்குவது சுலபம்.

தொழில் ஆரம்பிக்கும் பயிற்சிக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னோடி வங்கி (மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி) நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அதுவும் இலவசம், சாப்பாடு தங்குமிடம் உட்பட. பயிற்சிக்கு அப்புறம் இரண்டு வருடம் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இந்த நிலையங்கள் எல்லாமே 1982-ல் கர்நாடகாவில் உஜிரே என்ற ஊரில் ஆரம்பித்ததன் வழி வந்தவை. தர்மஸ்தலா கோயில் அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஆரம்பித்து, அப்புறம் அரசாங்கம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. நம் கூட்டத்தில் யாராவது 'இதெல்லாம் கவர்மெண்ட் பார்க்க வேண்டிய வேலை' என்று சொன்னால் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அப்படியானால் சங்கத்துக்கு என்ன வேலை? அரசாங்கத்தால் கொடுக்க முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: வேலையே உங்கள் கையில்தான். எழுபது பேரில் எத்தனை பேருக்குச் சொந்தத் தோப்பு, எத்தனை பேர் தோப்புக்காரர்களோடு தினமும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறீர்கள்? பயிற்சிக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து எழுதுங்கள். யார் யார் தோப்பில் எத்தனை மரம், எந்த மாதம் எத்தனாம் தேதி வெட்டு, கூலி எவ்வளவு, காசு எப்போது கையில் வரும். நாங்கள் பள்ளிக்கூட நீள நோட்டு ஒன்றில் இதை எழுதி, தோப்புக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பையன்களைப் பயிற்சிக்கு அனுப்பினோம். அவர்கள் ஆறு நாள் முடித்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அடுத்த நாள் காலை எந்தத் தோப்பு என்று அவர்களுக்குத் தெரியும். கருவியை வீட்டு மூலையில் வைத்துவிட்டு ஒரு மாதம் சும்மா இருந்தால் உடம்புக்கும் பழக்கம் விட்டுப்போகும், மனசும் விட்டுப்போகும்.

ஆள் எடுக்கும்போது 'வேலை இல்லாத பட்டதாரி' என்று பட்டியல் போடாதீர்கள். ஏற்கெனவே தோப்பில் உரிக்கிறவர், காய் பொறுக்கிப் போடுகிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர், இவர்களில் பார்த்து எடுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் மனைவியிடமும் பேசுங்கள். ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: 'மரம் ஏறுகிறவன் என்று தெரிந்தால் என் பையனுக்கு யாருங்க பெண் கொடுப்பார்கள்?' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தத் தொழிலில் யாரையும் நிற்க வைக்க முடியாது. காலம் காலமாக இந்த வேலையை ஒரு சில சாதிகளின் தலையில் கட்டி, அவர்களைக் கீழாகவும் நடத்திய ஊர்கள் நம்முடையவை. நாங்கள் செய்தது, நல்ல தடித்த துணியில் முழுக்கைச் சட்டையும் பேண்டும், ஹெல்மெட், பெல்ட், சங்கத்தின் பெயர் போட்ட அடையாள அட்டை. தோப்புக்காரர் யாரும் 'டேய்' என்று கூப்பிடக் கூடாது என்பதை அந்த நோட்டிலேயே எழுதினோம். ஒருத்தர் கூப்பிட்டார். மறுநாளே அவர் தோப்பு பட்டியலிலிருந்து போனது. அவர் எங்கள் சங்கத்தின் பழைய உறுப்பினர், கூட்டத்தில் பெரிய சத்தம் எல்லாம் ஆனது. ஆனாலும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்துதான் அந்தப் பையன்கள் எங்களை நம்ப ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன்.

வெட்டு மட்டும் என்றால் வருமானம் ஒரே சீராக வராது. அதனால் மண்டை சுத்தம், வண்டு எடுப்பது, இவற்றுக்கு வெட்டோடு சேர்க்காமல் தனிக் கூலி போடுங்கள். கீழே நின்று செய்யும் வேலையைப் பெண்கள் அணிக்குக் கொடுங்கள். எங்கள் ஊரில் வேர் மூலம் டானிக் கட்டும் வேலையைப் பெண்கள்தான் செய்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக் என்ற சத்துக் கரைசலைத் தண்ணீர் கலந்து, சின்னப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, மரத்துக்கு 200 மில்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். மரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில் உயிருள்ள வேர் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில்தான் கை பழக வேண்டும். காய்ந்த வேரில் கட்டினால் பை அப்படியே கிடக்கும். வேரின் நுனியைச் சாய்வாகச் சீவி, வெட்டுவாய் பையின் அடிவரை முங்கும்படி விட்டு, வாயை நூலால் கட்டி, மேலே மண் மூட வேண்டும். மறுநாள் போய்ப் பிரித்துப் பார்த்தால் பை காலியாக இருக்கும். அதைப் பார்க்கிறபோது அந்தப் பெண்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கூலி வேலை போய், வைத்தியம் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். 'எத்தனை பை குடித்தது?' என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

இனி சிறு தொழில். எங்கள் மகளிர் குழு ஒன்று தேங்காய் பர்பியும் ஈர்க்கு விளக்குமாறும் செய்கிறது. ஆரம்பத்தில் உள்ளூர்க் கடைகளில் வைத்தார்கள். சரக்கு விற்றது. காசு வரவில்லை. நம்மூர் கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும்: புதுச் சரக்கை வைத்துவிட்டுப் போ, விற்றதும் தருகிறேன், பழைய பாக்கி அடுத்த லோடுக்கு. பெரிய கம்பெனி சேல்ஸ்மேனுக்கு அது தாங்கும். கையில் பத்தாயிரம் ரூபாய் முதல் வைத்துச் சர்க்கரையும் தேங்காயும் வாங்குகிற பெண்களுக்கு இரண்டு வாரத்தில் அடுப்பு அணைந்துவிடும். அந்தக் கடைக்காரர்கள் எல்லாம் எங்கள் சங்க உறுப்பினர்கள்தான், நல்ல மனிதர்கள்தான். சங்கத்தில் தீர்மானம் போட்டோம்: குழுவின் சரக்குக்குச் சனிக்கிழமை ரொக்கம், பாக்கி கிடையாது, விற்காததைத் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு தீர்மானம் எந்தத் தையல் மெஷினையும் விடப் பெரிய உதவி. இதற்குச் சங்கத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கடைசியாகப் பணம். மூன்று லட்சம் தீர்ந்ததும் என்ன செய்வீர்கள்? விருதுநகர், சிவகாசிப் பக்கம் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தே பள்ளிக்கூடங்களைக் கட்டி நடத்தினார்கள். அதே வழிதான் எங்களுக்கும். மண்டியில் ஏறும் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு சின்னத் தொகை, உரக்கடையில் டானிக் விற்றால் அதில் கொஞ்சம். யாருக்கும் வலிக்காது, மாதாமாதம் வரும். அதிலிருந்துதான் சட்டை, பெல்ட், இன்சூரன்ஸ், போன் செலவு எல்லாம் போகிறது.

உச்சிமரம்

நான் மரம் ஏறுகிறவன். பொள்ளாச்சிப் பக்கம்தான். வாரியத்தின் பயிற்சி எடுத்திருக்கிறேன். அக்கா சொன்ன சட்டை, அட்டை விஷயம் உண்மை. இன்னும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

கருவி இரண்டு பாகமாக இருக்கும், இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஒரு விவசாயி கண்டுபிடித்த மாடல். கம்பி வடத்தை மரத்தைச் சுற்றிக் கொக்கியில் மாட்டி, மிதியில் கால் வைத்து அழுத்தினால் வடம் மரத்தை இறுக்கிப் பிடிக்கும். காலைத் தூக்கினால் தளரும். கையால் அந்தப் பக்கத்தை மேலே ஏற்றி மறுபடி மிதிக்க வேண்டும். மாடிப்படி ஏறுகிற மாதிரிதான், இரண்டு நாளில் பழகிவிடும். பயம் வருவது மேலே போன பிறகு. மண்டைக்குக் கீழே கருவியில் நின்றுகொண்டு ஒரு கையால் மட்டையை ஒதுக்கி மறு கையால் வெட்ட வேண்டும். பெல்ட் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. பழகியவர்கள்தான் பெல்ட்டைக் கழற்றிப் போடுகிறார்கள், வேகம் குறைகிறது என்று. கூலி மரக் கணக்கில் இருப்பதால் வேகம்தான் காசு. அதனால் பெல்ட் போட்டு ஏறினால் மட்டும்தான் கூலி என்று சங்கம் விதி போட்டால் எங்களுக்கே நல்லது. கம்பி வடத்தில் ஒரு இழை அறுந்தால்கூட மாற்ற வேண்டும். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறீர்கள், அந்த வடமும் நட்டு போல்ட்டும் உங்கள் கடையில் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. ஒரு சின்ன போல்ட்டுக்காக நாள் முழுக்க வேலை போன கதை எல்லாரிடமும் உண்டு.

இன்சூரன்ஸ் ரொம்ப முக்கியம். வாரியத்துக்குக் கேர சுரக்ஷா என்று ஒரு விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே கட்டும், நாம் கொஞ்சம் கட்டினால் போதும். ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பயிற்சி முடித்தவர்கள் நிறையப் பேர் இரண்டாவது வருடம் மறந்துவிடுகிறார்கள். தேதியைச் சங்கமே குறித்து வைத்துக் கட்டிவிடுவது நல்லது. அதோடு வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டிலும் எல்லோரையும் சேர்த்துவிடுங்கள், இரண்டு லட்சம் வரை கிடைக்கும்.

இன்னொன்று. மழை பெய்து மரம் ஈரமாக இருக்கும்போது தோப்புக்காரர் 'லாரி வந்து நிற்கிறது, ஏறு' என்பார். முடியாது என்று சொல்ல எங்களால் முடியாது, அடுத்த வெட்டுக்குக் கூப்பிட மாட்டார். அந்த 'முடியாது' சங்கத்தின் வாயிலிருந்து வர வேண்டும்.

கணக்குப்பிள்ளை

நான் தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறேன். சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருந்தால், துணை விதிகளில் 'தொழிற்பயிற்சி, வாழ்வாதார உதவி' என்பது நோக்கங்களில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பொதுக்குழுவில் திருத்தம் போட்டுக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வாங்கும் எண்ணம் இருந்தால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், அந்த நிதியை வாங்கும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். வியாபாரிகளின் சொந்த நலனுக்கான சங்கத்துக்கு இது கிடைப்பது கஷ்டம். தனியாக ஒரு அறக்கட்டளை வைத்துக்கொள்வது நல்லது. மூன்று லட்சத்துக்கு இப்போது அதெல்லாம் தேவையில்லை. ரசீது, வவுச்சர், தனி வங்கிக் கணக்கு போதும். மகமைப் பணம் சங்கத்தின் பொதுக் கணக்கில் கலக்க வேண்டாம்.

மகளிர் குழுவுக்கு: உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், ஆன்லைனில் சில நிமிட வேலை. உணவுப் பொருள் என்றால், இந்த அளவு சின்ன விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு மட்டும் போதும். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால், வருட முடிவில் நிற்கும் பாக்கியை, கொடுக்கும்வரை கடைக்காரர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. அக்காவின் சனிக்கிழமைத் தீர்மானத்துக்கு யாராவது எதிர்ப்புத் தெரிவித்தால் இதைச் சொல்லுங்கள்.

மெஷின் வாங்கி விரிவாக்கும்போது பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் உண்டு. குழு உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் அதில் இருக்கிறது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மானியம் கடனோடு சேர்ந்தது, வங்கி ஒப்புக்கொண்டால்தான் வரும். விற்பனைக் கணக்கை ஆறு மாதமாவது குழுவின் பாஸ்புக் வழியாக ஓட்டிக் காட்டினால் மேனேஜருக்குக் கையெழுத்துப் போடத் தைரியம் வரும்.

ஆனைமலைப்பக்கம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கம்பி வடமும் போல்ட்டும் என் கடையில் வைப்பது என் பொறுப்பு. மகமை யோசனையை மண்டிக்காரர்களிடம் இன்றைக்கே பேசினேன், இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

அக்கா, இரண்டு சந்தேகம். தோப்புக்காரர் போன் செய்தால் அதை யார் எடுப்பது, யாரை எந்தத் தோப்புக்கு அனுப்புவது? எங்களில் ஒருவர் எடுத்தால் தனக்கு வேண்டியவருக்கு முதலில் அனுப்புகிறார் என்று பேச்சு வரும். இன்னொன்று, எங்கள் பக்கம் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் தோப்புகளிலும் நார் மில்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பையன்களுக்கு என்று தொடங்கினால் அவர்களை விட்டுவிடுவதா? கூட்டத்தில் இதில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

செக்குக்காரி

தம்பி, முதல் கேள்விக்கு: போனை உங்களில் யாரும் எடுக்க வேண்டாம். எங்கள் ஊரில் டானிக் கட்டும் பெண்கள் அணியில் ஒரு பெண் பிளஸ் டூ வரை படித்தவர். அவரிடம்தான் போனும் நோட்டும். மாதச் சம்பளம் மகமையிலிருந்து போகிறது. அவருக்குத் தோப்பும் கிடையாது, மண்டியும் கிடையாது, யாருக்கும் முதல் மரியாதை செய்ய வேண்டிய அவசியமில்லை. தோப்புகளைத் திசை வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்: இந்த வாரம் வாய்க்காலுக்கு மேற்கே, அடுத்த வாரம் கிழக்கே. ஒரே பக்கத்துத் தோப்புகளைச் சேர்த்துப் போட்டால் பையன்களுக்கு வண்டியில் அலைவது மிச்சம், ஒரே நாளில் கூடுதல் மரம் ஏறலாம். அவசரம் என்று யார் கூப்பிட்டாலும் அந்த வரிசை மாறாது, வண்டு தாக்கிய கன்று என்றால் மட்டும் மாறும். மழை நாளில் 'இன்றைக்கு ஏற மாட்டார்கள்' என்று சொல்வதும் அவர்தான். உச்சிமரம் தம்பி கேட்ட 'முடியாது' எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருகிறது, யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. வாரியத்துக்கும் மரம் ஏறுபவர்களைத் தொடர்பு கொள்ள 'ஹலோ நாரியல்' என்று ஒரு போன் சேவை இருக்கிறது. உங்கள் அணியின் பெயர்களை அதிலும் கொடுத்து வையுங்கள். ஆனால் உள்ளூருக்கு உள்ளூர் நோட்டு வேண்டும்.

இரண்டாவது கேள்வி கஷ்டமானது. என் மனசில் உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகள் புயலுக்கு அப்புறம் திருப்பூருக்குப் போனார்கள். அங்கே யாரோ ஒருவர் அவர்களை வேலைக்குச் சேர்த்து, தொழில் கற்றுக்கொடுத்து, சோறு போட்டார். 'நீ வெளியூர்' என்று அவர் சொல்லியிருந்தால் எங்கள் குடும்பங்கள் என்ன ஆகியிருக்கும்? உங்கள் தோப்பில் ஒரு ஒடிசாப் பையன் நாலைந்து வருடமாக மட்டை உரித்துக்கொண்டிருந்தால், உங்கள் தொழிலைப் பாதி அவன்தான் தாங்குகிறான். அவனுக்கும் பெல்ட், அவனுக்கும் இன்சூரன்ஸ், அவனுக்கும் அதே கூலி. கூலியில் வித்தியாசம் வைத்தால் தோப்புக்காரர்கள் குறைந்த கூலிக்குத்தான் போவார்கள், அப்போது நீங்கள் பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் பையன்தான் முதலில் வேலையை விடுவான். அதனால் இரண்டு கட்சிக்கும் இதில் ஒரே லாபம்தான். கூட்டத்தில் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள்.

வயது, ஆவணம் விஷயத்தில் வெளியூர்த் தொழிலாளர்களுக்குப் பயிற்சியில் என்ன நடைமுறை என்று ஆழியாறிலேயே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். சங்கத்தில் மூத்தவர் யாருக்காவது வலிக்கிற கைகாலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடத் தெரியும் என்றால் அவரையும் முதல் வாரம் பையன்களோடு இருக்கச் சொல்லுங்கள், புதிதாக ஏறும்போது தொடையும் கையும் நன்றாக வலிக்கும்.

பயிற்சியை ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள். மழை விட்டு, தை பிறந்த பிறகு வையுங்கள். அதற்குள் உங்களுக்கு நோட்டு எழுதி முடிக்க நேரம் இருக்கும். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், பெயர்களை மறைத்துவிட்டு. தோப்பு, மரம், தேதி, கூலி, கையெழுத்து என்று ஐந்து கட்டம்தான். அதில் ஆறாவதாக 'பணம் கொடுத்த தேதி' என்று ஒரு கட்டம் அப்புறம் சேர்த்தோம், அதை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.